ஒற்றைக் கொண்டைக் குஞ்சை ஏன் ஒதுக்கக் கூடாது?

இன்னைக்கு ஒரு கோழியோட கொண்டையைப் பத்திப் பேசப்போறேன். கோழி பேரு வயன்டாட். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உருவான இனம். வயன்டாட் என்கிற பூர்வகுடி மக்களோட பேரைத்தான் இதுக்கு வெச்சிருக்காங்க. 1883-ல் அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ இனப் பட்டியலில் இடம்பிடிச்சது.

இதில் முதல்ல வந்த ரகத்துக்கு வெள்ளி நிற இறகு. ஒவ்வொரு இறகைச் சுத்தியும் கறுப்பு பார்டர். அழகுக்காகவே நிறைய பேர் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறாங்க. குளிரையும் நல்லாத் தாங்கும்.

எப்படித் தாங்குது? கொண்டை என்பது ரத்தம் ஓடுற சதை. நம்ம ஊர் வெயிலில் பெரிய கொண்டை உடம்புச் சூட்டை வெளியேத்த உதவும். உறைபனி விழுற ஊரில் அதே கொண்டையின் நுனி உறைஞ்சு கருகிடும். வயன்டாட்டுக்கு இருக்கிறது 'ரோஸ் கொண்டை'. தலையோட ஒட்டிப் படிஞ்சிருக்கும். அதனால சீக்கிரம் உறையாது.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரோஸ் கொண்டை ஜோடிக்கும் சில சமயம் நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையோட குஞ்சு பிறக்கும். கண்காட்சியில் அதுக்கு இடம் கிடையாது. அதனால பலர் அதைக் கழிச்சிடுவாங்க.

ஸ்கூலில் போட்ட புன்னெட் கட்டம் ஞாபகம் இருக்கா? அந்தப் புன்னெட்டும் பேட்சனும் 1900-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தது கோழிக் கொண்டைகளைத்தான். ரோஸ் கொண்டை ஓங்கு பண்பு. அந்த மரபணு ஒரு பிரதி இருந்தாலே ரோஸ் கொண்டை வந்துடும். ஆனா ரெண்டு பிரதியும் அதுவே இருக்கிற சேவலுக்கு விந்தணுவோட ஓட்டம் குறைவு; கருத்தரிப்பும் குறையும். காரணத்தை 2012-ல் கண்டுபிடிச்சாங்க: ரோஸ் கொண்டை தர்ற குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாத் திரும்பியிருக்கு. அது திரும்பின இடத்தில் இன்னொரு மரபணு நடுவில் அறுந்துபோச்சு. கோழிகளுக்கு இதால பாதிப்பில்லை, சேவலுக்கு மட்டும்தான்.

ஒற்றைக் கொண்டையைத் தலைமுறை தலைமுறையா ஒதுக்கினா, ரெண்டு பிரதி உள்ள சேவல்கள் கூடும். பார்க்க எல்லாமே பக்காவா இருக்கும், முட்டைதான் பொரியாது.

தீர்வு ரொம்ப சிம்பிள். ஒற்றைக் கொண்டைக் கோழி ஒண்ணை ரோஸ் கொண்டைச் சேவலோட சேர்க்கணும். அதில் பிறக்கிற ரோஸ் கொண்டைக் குஞ்சு எல்லாத்துக்கும் ஒரு பிரதிதான் இருக்கும். அந்தச் சேவல்களுக்குக் குறையில்லை.

ஆகவே, வயன்டாட் வளர்க்கிற நண்பர் யாராவது இருந்தா, ஒற்றைக் கொண்டைக் குஞ்சைக் கழிக்கிறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!