உலோகம் வளராது, ஆனால் விரியும்! தெரியுமா?

பிறந்த குழந்தையின் மகாதமனி எவ்வளவு அகலம் தெரியுமா? ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை! ஆளானபின் அதே குழாய் இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். சரி, அது பிறவியிலேயே ஓரிடத்தில் சுருங்கியிருந்தால்? ஸ்டென்ட் என்னும் உலோகக் கம்பிவலைக் குழாயை வைத்து விரிக்கலாம். ஆனால் பிள்ளை வளர்வான், ரத்தக்குழாய் வளரும். உள்ளே இருக்கும் உலோகம் வளருமா? இன்று வழிவிட்ட ஸ்டென்ட்டே சில வருடங்களில் குழாயை இறுக்கிப் பிடிக்கும்!

அதற்கும் வழி இருக்கிறது! ஸ்டென்ட்டைப் பலூன்மேல் அழுத்திச் சுருட்டி, தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக உள்ளே அனுப்புகிறார்கள். எக்ஸ்ரே திரையில் பாருங்கள்: பலூனின் இரு முனையும் உப்புகிறது, சுருங்கிய இடத்தில் மட்டும் நடுவே ஒடுங்கி நிற்கிறது. அழுத்தமானியின் முள் ஏறுகிறது... ஏறுகிறது... சட்டென்று அந்த ஒடுக்கம் மறைகிறது! பலூனை எடுத்தாலும் வளைந்த கம்பி பழைய நிலைக்குத் திரும்பாது. சில வருடம் கழித்து அதே ஸ்டென்ட்டுக்குள் இன்னும் பெரிய பலூன். மறுபடி விரியும்! நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். ஒரு சிக்கல் உண்டு: பெரும்பாலான ஸ்டென்ட்கள் விரிய விரிய நீளத்தில் குறையும். ஆகவே குழந்தைக்கு வைக்கும்போதே, வாலிபனாகும்போது எவ்வளவு நீளம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டாக வேண்டும்!

இப்படி விரியும் ஸ்டென்ட் எதைப் பார்த்து உதித்தது தெரியுமா? அர்ஜென்டினாவில் பிறந்த டாக்டர் ஹூலியோ பால்மாஸ் தன் கராஜில் கண்ட, சுவர்ப் பூச்சுக்கு அடியில் பொருத்தும் உலோக வலைத் துண்டைப் பார்த்து! அந்த ஸ்டென்ட்டைப் பிறவி இதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, ஹூஸ்டனின் டாக்டர் சார்லஸ் மலின்ஸ்.

ஆனால் பெரிதாக விரியும் ஸ்டென்ட்டை உள்ளே அனுப்பத் தடித்த செலுத்துகுழாய் வேண்டும். பச்சிளம் காலின் ரத்தக்குழாயோ நூலளவு. வேறு வழியின்றிச் சிறிய ஸ்டென்ட்டை வைத்தார்கள். அது விரியும் எல்லையைத் தொட்டதும் என்ன செய்தார்கள் தெரியுமா? உயரழுத்தப் பலூனால் வேண்டுமென்றே உடைத்தார்கள், உடம்புக்குள்ளேயே! எனக்கு இதைவிடப் பெரிய துணிச்சல் தெரியவில்லை. ஜெர்மனியிலோ 1.7 கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையின் நுரையீரல் தமனியில், தானே கரைந்துபோகும் மக்னீசிய ஸ்டென்ட்டையே வைத்தார்கள். அது மருத்துவ இதழில் வெளியானது 2005-இல்!

பெரியவர்களின் இதயத் தமனிக்கான பால்மாஸ்-ஷாட்ஸ் ஸ்டென்ட்டுக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 1994-இல் அனுமதி தந்தது. பச்சிளம் குழந்தைக்கென்றே வடிவமைத்து, பெரியவர் அளவுவரை விரிக்கக்கூடிய மினிமா ஸ்டென்ட்டுக்கு? 2024-இல்! முப்பது வருடம்! நோயாளிகள் குறைவு, சந்தை சிறிது என்பதற்காகக் குழந்தைகளை இவ்வளவு காலம் காக்கவைத்திருக்கக் கூடாது.

மகாதமனி ஸ்டென்ட் மறுபடி இறுக்குகிறதா என்று சந்தேகிக்க முதலில் என்ன வேண்டும் தெரியுமா? வெறும் பிபி கருவி! கையில் ஒருமுறை, காலில் ஒருமுறை. வளர்ந்த பிள்ளைக்குக் காலில்தான் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். கையைவிடக் காலில் நன்றாகக் குறைந்திருந்தால், உடனே குழந்தை இதய மருத்துவரிடம் போங்கள்.