ஜப்பானியத் திரைப்படங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

ஜப்பானியப் படங்களைப் புதிதாகப் பார்க்க விரும்பும் மாணவர், ஒரு தமிழ்ப் படத்திலிருந்தே தொடங்கலாம். ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' அத்தகைய படமாகும். அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' (1950) படத்தின் கதை சொல்லும் முறையே இதற்குத் தூண்டுதல். பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்றும் இது அறியப்படுகிறது.

சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள், வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். சந்தேகத்துக்கு உள்ளான ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் நிகழ்ச்சியைக் கூறுகின்றனர். ஜப்பானை எதிரி நாடாகக் காட்டும் கதை, ஜப்பானியப் படத்திடமே பாடம் கேட்டிருக்கிறது!

அடுத்து, 88 நிமிடமே ஓடும் 'ராஷோமானை'ப் பார்க்க வேண்டும். காட்டில் ஒரு சாமுராய் இறந்த விதத்தை நால்வர் நான்கு விதமாகச் சொல்கின்றனர். இறந்தவரின் ஆவியும் அவர்களுள் ஒன்று. 'அந்த நாள்' இறுதியில் குற்றவாளியைக் காட்டிவிடுகிறது. 'ராஷோமான்' அந்த உதவியைச் செய்வதில்லை. யார் சொல்வது உண்மை என்பதைவிட, ஏன் ஒவ்வொருவரும் தம்மை உயர்த்திச் சொல்கிறார்கள் என்பதே அதன் கேள்வி. 1951இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருது பெற்றது.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) தமிழ்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து முதிய பெற்றோர் பிள்ளைகளைக் காண டோக்கியோ செல்கின்றனர். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர், நேரமில்லாதவர்கள். பரிவோடு கவனிப்பவர் போரில் கணவனை இழந்த மருமகள் நொரிகோ மட்டுமே. பணி ஓய்வுக்குப் பின் குடியிருப்பைக் காலி செய்து, பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகும் நெய்வேலிப் பெற்றோருக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. பாயில் அமர்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமரா நிற்கும், அவசரமே இல்லை. முதல் அரைமணி நேரம் பொறுமை தேவை.

தாயைத் தேடிப் போகும் சிறுவனின் கதையான தகேஷி கிதானோவின் 'கிகுஜிரோ'வை (1999) மிஷ்கினின் 'நந்தலாலா'வுடன் (2010) ஒப்பிட்டுப் பார்க்கலாம். குரோசாவாவின் 'செவன் சாமுராய்' 207 நிமிடம் ஓடுவது. விடுமுறை நாளுக்கு ஏற்றது.

இசாவ் தகாஹாத்தாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' (1988) அசைபடம் என்பதால் குழந்தைப் படம் என்று எண்ணிவிடக் கூடாது. போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் வாடும் கதை அது. சிறு பிள்ளைகள் பார்த்தால் பெரியவர் ஒருவர் உடன் இருப்பது நல்லது.