14 தலங்கள், எத்தனை கிலோமீட்டர்?

பாண்டிய வளநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 14. மதுரையில் திருவாலவாயும் திருஆப்பனூரும். நகரை ஒட்டித் திருப்பரங்குன்றம். மேற்கே வைகையோரம் திருவேடகம். கிழக்கிலும் வடகிழக்கிலும் திருப்பூவணம், காளையார்கோயில் என இன்று வழங்கும் திருக்கானப்பேர், திருப்புத்தூர், பிரான்மலையாகிய திருக்கொடுங்குன்றம், திருவாடானை, திருப்புனவாயில். தெற்கே திருச்சுழியல். கடல் நடுவே இராமேசுவரம். தென்கோடியில் குற்றாலமும் திருநெல்வேலியும். இன்றைய கணக்கில் இவை ஏழு மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றன.

இந்தப் பதினான்கையும் கண்குளிரத் தரிசித்துவிட வேண்டும் என்ற ஆசை பல இல்லங்களில் பல்லாண்டுகளாக இருந்து வருவது. பிள்ளைகளுக்குத் திருமணம் முடிந்து, பணி ஓய்வும் பெற்று, காசி யாத்திரையும் நிறைவேறிய பிறகே பலருக்கும் சொந்த நாட்டுத் தலங்களின் நினைவு எழுகிறது. அதற்குள் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் அமர்ந்திருக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. வாடகை வேனுக்குக் கட்டணம் கிலோமீட்டர் கணக்கில்தான். ஆகவே, ‘இங்கிருந்து அங்கே எவ்வளவு தூரம்?’ என்ற கேள்வி முதியோருக்கு வெறும் கேள்வியன்று. எந்தத் தலம் கிட்டும், எந்தத் தலம் கிட்டாது என்பதையே அது தீர்மானிக்கிறது.

இக்கேள்விக்கு விடை சொல்லும் மென்பொருள் இன்று வீட்டுக்கு வீடு பேரன் பேத்தியரின் கைப்பேசியில் இருக்கிறது. ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும். சாலையைக் கோடிட்டுக் காட்டி, கிலோமீட்டரையும் நேரத்தையும் சொல்லிவிடும். அது எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் யாத்திரைக்கு நல்ல துணை. தெரியாமல் நம்பினால், உச்சி வெயிலில் சாத்திய கதவின் முன் நிற்க நேரும்.

முதல் இடறல் ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்புத்தூர் மதுரைக்கு ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. அதைப் பேச்சு வழக்கில் ‘திருப்பத்தூர்’ என்போரும் எழுதுவோரும் உண்டு. அப்படியே மென்பொருளிடம் கேட்டால், 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான வடக்குத் திருப்பத்தூருக்கு அது வழிகாட்டக்கூடும். அது மதுரையிலிருந்து 300 கி.மீ.க்கும் அப்பால். திருச்சிக்கு அருகே பிரம்மபுரீசுவரர் எழுந்தருளியிருக்கும் திருப்பட்டூர் வேறு இருக்கிறது. வைகைக் கரைத் திருப்பூவணம் இன்று திருப்புவனம் என்றே வழங்குகிறது. கும்பகோணத்துக்கு அருகே சரபேசுவரர் சந்நிதியால் புகழ்பெற்ற ஊரும் திருபுவனமே. ஊரின் பெயரோடு கோயிலின் பெயரையும் சேர்த்துக் கேட்பதே பாதுகாப்பு. புட்பவனேசுவரர் கோயில் என்று கேட்டால் கும்பகோணம் வராது.

அடுத்தது, தூரம் என்ற சொல்லின் பொருள். படத்தில் மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நேர்க்கோடு இழுத்தால் ஏறத்தாழ 150 கி.மீ. வரும், சாலையிலோ 170 கி.மீ.யை ஒட்டி வரும். சமவெளியில் வேறுபாடு இவ்வளவுதான். மலையேறினால் கணக்கே மாறிவிடும். குறிஞ்சியாண்டவரைத் தரிசிக்கக் கொடைக்கானல் செல்வோருக்கு நேர்க்கோட்டில் 80 கி.மீ.க்கும் குறைவு, சாலையிலோ ஏறத்தாழ 115 கி.மீ. நல்ல மென்பொருள் நேர்க்கோட்டை அளப்பதில்லை; சாலையின் வளைவு நெளிவுகளோடு அளக்கிறது.

சாலை இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை இராமேசுவரத்துக்கு மோட்டார் வண்டி செல்ல வழியே இல்லை. 1914-இல் அமைந்த ரயில் பாலத்தில் தடதடத்துக் கடலைக் கடந்த நினைவு முதிய அன்பர் பலருக்கும் இருக்கும். அந்நாளில் இந்தக் கருவி இருந்திருந்தால் மண்டபத்தோடு கோட்டை நிறுத்தியிருக்கும்.

வழிப்போக்கருக்குத் தூரம் சொல்லும் அக்கறை நம் மண்ணுக்குப் புதிதன்று. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழியில் நடப்பட்ட பழைய காதக்கற்கள் கிடைத்துள்ளன. நாவல்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று ஒரு கல் சொல்கிறது. காதம் என்பது ஏறத்தாழ 10 மைல் என்பர். அக்கல்லின் அழகு எழுத்தில் மட்டும் இல்லை. எழுத்தறியாதவரும் தொட்டு அறியும்படி, பத்துக்கு ஒரு பெரிய குழியும் ஒன்றுக்கு ஒரு சிறிய குழியுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையமைத்து, மரம் நட்டு, சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் நிற்கிறது. பின்னர் மைல்கற்கள் வந்தன; மெட்ரிக் முறை வந்தபின் அவையே கிலோமீட்டர் கற்களாயின. ஆயினும் பெரியோர் வாயில் அவை இன்னும் மைல்கற்களே. அக்கற்கள் எல்லாம் ஒரு சாலையின் தூரத்தை மட்டுமே சொல்லும். பல சாலைகளில் எது குறுகியது என்று சொல்லா.

அதைச் சொல்லும் முறையை 1956-இல் வகுத்தவர் ஹாலந்து நாட்டின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு காப்பிக் கடையில் அமர்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், ஏறத்தாழ 20 நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே அதை அமைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தம் நாட்டின் 64 நகரங்களைக் கொண்ட சாலைப் படத்தில், ஆர்மாக் என்ற கணினியைக் கொண்டு அது செய்துகாட்டப்பட்டது. 1959-இல் கட்டுரையாக வெளிவந்தது. முறை எளிது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைக்கு ஒரு நீளம். புறப்படும் இடத்திலிருந்து மிக அருகிலுள்ள புள்ளியை முதலில் எட்டி, அங்கிருந்து அடுத்ததை எட்டி, புதிதாகக் குறுகிய வழி தென்பட்டால் பழைய எண்ணை அழித்துவிட்டு முன்னேறுவது. குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல் அத்தேடல் விரிந்துகொண்டே போய், சேரும் ஊரைத் தொட்டதும் நிற்கும். இன்றைய வழிகாட்டும் மென்பொருள்களின் அடிப்படையில் இம்முறையும் இதன் வழிவந்த முறைகளும் உள்ளன.

இரண்டு ஊர்களுக்கு இது போதும். பதினான்கு தலங்களுக்கு? எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதில்தான் செலவு இருக்கிறது. சொக்கநாதர் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, எஞ்சிய 13 தலங்களையும் தரிசித்துத் திரும்ப எத்தனை வரிசைகள் இயலும் என்று கணக்கிட்டால் 622 கோடியே 70 லட்சத்து 20 ஆயிரத்து 800 வருகிறது. கூகுள் மேப்ஸ் போன்ற செயலியில் தலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டால், இட்ட வரிசையிலேயே தூரத்தைக் கூட்டிச் சொல்லும். ‘இதை முன்னே வைத்தால் பாதி தூரம் குறையும்’ என்று தானாக அது சொல்வதில்லை. வரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பது யாத்திரிகரின் வேலை.

அந்த வேலை வீண்போகாது. மதுரையிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 160 கி.மீ.; திருநெல்வேலியும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு வாரம் குற்றாலம் போய்வந்து, மறுவாரம் நெல்லையப்பரைத் தரிசித்துவந்தால் மொத்தம் 640 கி.மீ. திருவில்லிபுத்தூர் சாலையில் குற்றாலம் போய், அங்கிருந்து 60 கி.மீ.யில் திருநெல்வேலி சேர்ந்து, நான்குவழிச் சாலையில் மதுரை திரும்பினால் 380 கி.மீ. ஆக 260 கி.மீ. மிச்சம். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் தரிசனமும் வழியிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த வரிசை பெரியபுராணத்திலும் இருக்கிறது. சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டு யாத்திரை வந்த சுந்தரர் மதுரையில் தங்கி, பூவணம், ஆப்பனூர், ஏடகம், பரங்குன்றம் ஆகியவற்றைத் தரிசித்தபின் குற்றாலம் சென்று, அடுத்து நெல்வேலியை அடைந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். பின்னர் இராமேசுவரம், கடலுக்கு அப்பால் ஈழத்து மாதோட்டத்தில் உறையும் கேதீசுவரத்துப் பெருமானை அங்கிருந்தே பாடிப் பணிந்தார். அதன்பின் திருச்சுழியல், கானப்பேர், புனவாயில்.

கணினியிடம் இந்த வரிசையைக் கொடுத்தால் ஓரிடத்தில் அது மறுப்புச் சொல்லும். நெல்வேலியிலிருந்து இராமேசுவரம் போகும் திக்கிலேயே திருச்சுழியல் இருக்கிறது. அதை முதலில் தரிசித்து, இராமேசுவரம் போய், அங்கிருந்து கானப்பேர் வந்தால், நேர்க்கோட்டுக் கணக்கிலேயே ஏறத்தாழ 45 கி.மீ. குறையும். சுந்தரர் ஏன் சுற்றினார்? திருச்சுழியலில் தங்கியிருந்த இரவில் இறைவன் காளைப் பருவத்து இளைஞனாகக் கனவில் தோன்றி, தம் ஊர் கானப்பேர் என்று சொல்லி மறைந்ததாகப் புராணம். சுழியலிலிருந்து நேரே கானப்பேருக்கே நடக்க வேண்டும் என்றாகிவிட்ட பிறகு குறுக்குவழிக்கு அங்கே என்ன வேலை! காலும் உடலும் இடங்கொடுக்கும் அன்பர் சிலர் இன்றும் சேக்கிழார் சொன்ன வரிசையிலேயே செல்ல விரும்பலாம். இயலாதவர் சுழியலை முன்னே வைத்துக்கொண்டால் குறையொன்றும் இல்லை. எந்த வரிசையானாலும் ஆகும் தூரத்தை முன்கூட்டியே காட்டிவிடுவதால், தெரிந்தே தேர்ந்தெடுக்கலாம் என்பதே மென்பொருளால் விளையும் நன்மை.

அது அறியாத ஒன்று நடை சாத்தும் நேரம். நண்பகல் 12.30 மணியளவில் சாத்தினால் மாலை 4 மணிக்குத் திறப்பதே மீனாட்சியம்மன் கோயிலின் வழக்கம். சிற்றூர்க் கோயில்களில் முன்னதாகவே சாத்திவிடுவதும் உண்டு. திருப்பூவணம், கானப்பேர், திருவாடானை ஆகிய மூன்றையும் ஒரே காலையில் முடிக்கலாம் என்று கிலோமீட்டர் சொல்லும். மூன்றாவது கோயிலில் பூட்டுத்தான் வரவேற்கும். ஆகவே நாளின் நீண்ட ஓட்டத்தை நண்பகலில் வைப்பதே அறிவுடைமை. விடியுமுன் மதுரையை விட்டால் காலையிலேயே குற்றாலநாதர் தரிசனம். நடை சாத்தும் வேளையில் வண்டி திருநெல்வேலிச் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். உணவும் ஓய்வும் முடித்து, மாலையில் நடை திறந்ததும் நெல்லையப்பர் சந்நிதி. இரவு அங்கேயே தங்கிவிடலாம். செயலி சொல்லும் பயண நேரத்தில் காப்பிக்கும் கழிப்பறைக்கும் மாத்திரைக்கும் வண்டி நிற்கும் நேரம் சேராது. முதியோர் உள்ள வண்டியென்றால் மூன்று மணிப் பயணத்துக்கு நான்கு மணி என்று வைத்துக்கொள்வது நல்லது.

கோயில் வாசலில் ஓடும் கடைசி அரை கிலோமீட்டரையும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். மதுரைச் சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு இடமில்லை. நடந்துதான் கோபுர வாசலை அடைய வேண்டும். நடந்து செல்லும் வழி என்ற குறியை அழுத்தினால் அந்தத் தூரத்தையும் செயலி காட்டும். இருசக்கர வண்டிக்கான குறி தவறி அழுந்தியிருந்தால் வேன் நுழைய முடியாத சந்துகளையும் வழியென்று காட்டக்கூடும். கிராமத்துச் சாலைகளில் தொடர்பு அறுந்துபோவது உண்டு என்பதால், அப்பகுதியின் படத்தை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நலம்.

சித்திரைத் திருவிழாக் காலத்தில் மதுரை வழியே யாத்திரை வைப்போர் இரண்டு நாட்களைக் கணக்கில் தள்ளிவைக்க வேண்டும். அழகர்கோயிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 21 கி.மீ.; ஒரு மணி நேரத்துக்குள் சேரலாம் என்பது மென்பொருளின் கணக்கு. கள்ளழகரோ ஒரு மாலையில் புறப்பட்டு, மண்டகப்படி தோறும் நின்று அருள்பாலித்து, மறுநாள் மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டு, தல்லாகுளத்தில் தங்கி, அதற்கடுத்த நாள் விடியலில்தான் வைகையில் இறங்குகிறார். அந்நாட்களில் அச்சாலையில் வாகனங்கள் திருப்பிவிடப்படும். முற்காலத்தில் அழகர் இறங்கியது மதுரைக்கு மேற்கே தேனூர் வைகைக் கரையில் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில்தான் அவ்விழா மதுரைக்கு வந்தது என்றும் சொல்வர். திருவேடகம் செல்வோருக்குத் தேனூர் அருகிலேயே இருக்கிறது.