பத்து மீட்டர் தள்ளி

1902 அக்டோபரில் ராபர்ட் ஃபான் பெரிங்கே என்ற ஜெர்மானிய ராணுவ அதிகாரி, ஆப்பிரிக்காவின் விருங்கா எரிமலைத் தொடரில் சபினியோ மலை ஏறினார். வழியில் கறுத்துப் பருத்த உருவங்கள் தென்பட்டன. சுட்டார். இரண்டு விழுந்தன. அறிவியல் அதுவரை அறியாத மலைக் கொரில்லாவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். கொன்றவரின் பெயரை அந்த விலங்கு இன்றும் சுமக்கிறது.

அந்தக் காலத்தில் கொரில்லாவை ஐரோப்பியர் அறிந்துகொண்ட வழி துப்பாக்கிதான். 1861இல் பால் டு ஷையு எழுதிய பயண நூலில் அது மார்பில் அறைந்துகொண்டு பாயும் அரக்கன். 1933இல் 'கிங் காங்' திரைப்படம் அந்தப் பயத்தை உலகெங்கும் கொண்டுபோனது. நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக கார்ல் ஏக்லி 1921இல் கொரில்லாக்களைச் சுட்டுப் பாடம் செய்தார். ஆனால் அதே ஏக்லிதான் பிறகு பெல்ஜிய மன்னரிடம் அவற்றுக்காக மன்றாடினார். 1925இல் விருங்காவில் தேசியப் பூங்கா உருவானது.

பெரிய திருப்பம் 1959இல் வந்தது. ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் ஒளிந்துகொள்ளாமல், கொரில்லாக்களின் கண்ணில் படும்படி உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். அவர் கண்டது இலை தின்று, குட்டிகளோடு விளையாடி, மதியம் தூங்கும் குடும்பங்களை. 1967இல் ஆய்வுக்கு வந்த டையான் ஃபாஸி அந்தப் பழக்கத்தை நட்பாகவே வளர்த்தார். அவர் டிஜிட் என்று அழைத்த ஆண் கொரில்லா 1977இன் கடைசி நாளில் கள்ளவேட்டைக்காரர்களிடம் சிக்கித் தலையும் கைகளும் வெட்டப்பட்டுக் கிடந்தது. 1985இல் ஃபாஸியும் கொல்லப்பட்டார். ஷாலர் காலத்தில் விருங்காவில் 450 அளவில் இருந்த கொரில்லாக்கள் 1981இல் ஏறத்தாழ 250 ஆகிவிட்டிருந்தன.

மார்பில் அறைவதன் பொருளும் மாறியது. 2021இல் வெளியான ஆய்வின்படி, பெரிய உடம்புள்ள ஆணின் அறை தாழ்ந்த சுருதியில் கேட்கிறது. எதிராளியின் அளவை மோதாமலேயே தெரிந்துகொள்ள அது உதவக்கூடும். டு ஷையுவைத் திகிலடைய வைத்த ஓசை, சண்டையைத் தவிர்க்கும் வழியாகவும் இருக்கலாம்!

உறவுமுறையும் மாறிவிட்டது. முன்பு பாடநூல்களில் பெரிய மனிதக் குரங்குகள் ஒரு குடும்பம், நாம் வேறு குடும்பம். இன்று எல்லோரும் ஒரே குடும்பம். 2012இல் வெளியான கொரில்லா மரபணுத் தொகுப்பு, நமக்கு மிக நெருங்கியது சிம்பன்சியே என்று உறுதிசெய்தது. ஆனாலும் நம் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 15 சதவீதம் சிம்பன்சியைவிடக் கொரில்லாவோடுதான் ஒத்துப்போகிறது. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் இடையிலான உறவோ இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. காங்கோவின் குவாலுகோ காட்டில் ஆண்டுக்கணக்காக ஒரே மரத்தில் பழம் தின்கின்றன. காபோனின் லோவாங்கோவில் 2019இல் சிம்பன்சிகள் கொரில்லாக் குட்டிகளைக் கொன்றன.

நமக்கும் கொரில்லாவுக்கும் உள்ள நெருக்கமே ஆபத்தும். நமக்குச் சாதாரணச் சளி, அவற்றுக்கு உயிர்க்கொல்லியாகலாம். அதனால்தான் இன்று பார்க்கப் போகிறவர்கள் முகக்கவசம் அணிந்து, 10 மீட்டர் தள்ளி, வழக்கமாக ஒரு மணி நேரம் மட்டுமே நிற்க முடியும். ருவாண்டாவில் அதற்கு 2017 முதல் 1,500 டாலர் கட்டணம். பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றுவட்டார மக்களுக்குப் போகிறது. சுருக்குக் கண்ணியில் சிக்கிய கொரில்லாவுக்குக் காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். விருங்காவோடு உகாண்டாவின் புவிண்டிக் காட்டையும் சேர்த்தால் மலைக் கொரில்லாக்கள் இன்று ஆயிரத்துக்கு மேல். பெரிய மனிதக் குரங்குகளில் இப்படிப் பெருகிவருபவை வேறு இல்லை. எனக்கு இது உண்மையாகவே பெருமகிழ்ச்சி.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கான விலையைக் கொடுத்தவர்கள் பட்வா மக்கள். தலைமுறை தலைமுறையாகக் கொரில்லாக்களோடு அதே காட்டில் தேனெடுத்து, வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1991இல் உகாண்டாவில் புவிண்டியும் ம்காஹிங்காவும் தேசியப் பூங்காக்களானபோது நிலமில்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். நியாயம் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். கொரில்லாவால் வரும் பணத்தில் முதல் பங்கும், முன்னோர் காட்டுக்குள் போய்வரும் உரிமையும் அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.