ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஏழு கேள்விகள்: ஆங்கிலத் தேர்வின் லிசனிங், ரீடிங் பகுதிகளுக்குத் தயாராவது எப்படி?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ செவிலியர் வேலைக்கோ விண்ணப்பிப்பவர்களின் ஆங்கிலத் திறனை அளக்கும் தேர்வுகளில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. எழுதியதையும் பேசியதையும் மதிப்பிட, விவரம் தெரிந்த இன்னொருவர் வேண்டும். லிசனிங், ரீடிங் என்று பரவலாகச் சொல்லப்படும் முதல் இரண்டு பகுதிகளும் அப்படியல்ல. கேள்விக்கு விடை முன்பே முடிவானது; விடைப் பட்டியல் கையில் இருந்தால் யாரும் தாமே திருத்திக்கொள்ளலாம். அதனால் கோச்சிங் வகுப்புக்குப் போக முடியாதவர்களும் வீட்டிலிருந்தே மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளக்கூடிய பகுதிகள் இவைதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவுடையார்கோவில் போன்ற தாலுகா ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. வகுப்பு என்றால் அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ பஸ் ஏற வேண்டும்; தேர்வு மையம் என்றால் திருச்சி, மதுரை போன்ற நகரங்களுக்கு. இவற்றுள் ஒன்றான ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல் என்பதால், ‘ஒருமுறை எழுதித்தான் பார்ப்போமே’ என்று போய் உட்காரும் தேர்வும் அல்ல இது.

எந்தத் தேர்வு யாருக்கு?

பரவலாக எழுதப்படும் தேர்வு ஐஇஎல்டிஎஸ். இந்தப் பெயரில் 1989 முதல் நடந்துவருகிறது. பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்றும் இதன் கூட்டு உரிமையாளர்கள். பல்கலைக்கழகப் படிப்புக்கும் தொழில்முறைப் பதிவுக்கும் ‘அகாடமிக்’ வகை. வேலை, குடியேற்றம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ‘ஜெனரல் டிரெய்னிங்’ வகை. லிசனிங் இரண்டு வகைக்கும் ஒன்றே, ரீடிங் வேறுபடும்.

மருத்துவத் துறையினருக்கென்று தனியாக இருப்பது ஓஇடி. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான இந்தத் தேர்வு செவிலியம், மருத்துவம், பிசியோதெரபி உள்ளிட்ட 12 தொழில்களுக்கு நடத்தப்படுகிறது. பிரிட்டனின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி இரண்டையும் ஏற்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்றால் லிசனிங், ரீடிங், பேச்சில் தலா 7, எழுத்தில் 6.5, ஓஇடி என்றால் முதல் மூன்றில் தலா 350, எழுத்தில் 300. எழுத்துக்குக் கொடுக்கும் சலுகையை லிசனிங்குக்கும் ரீடிங்குக்கும் கொடுப்பதில்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

ஏழு கேள்விகள்

ஐஇஎல்டிஎஸ் லிசனிங்கில் 40 கேள்விகள். அகாடமிக் ரீடிங்கிலும் 40. வெளியிடப்பட்டுள்ள சராசரிக் கணக்கின்படி, இரண்டிலும் 23 சரியானால் ‘பேண்ட்’ எனப்படும் மதிப்பெண் 6, 30 சரியானால் 7, 35 சரியானால் 8. ஜெனரல் டிரெய்னிங் ரீடிங் சற்று எளிது என்பதால் அங்கே 7 வாங்க 34 விடைகள் சரியாக வேண்டும்.

ஆக, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இருப்பது ஏழு கேள்விகள். இந்த ஏழும் ஆங்கிலம் தெரியாததால் மட்டும் போவதில்லை. எழுத்துப்பிழை, சொல் வரம்பை மீறுவது, எண்ணைத் தவறாகக் கேட்பது, பேசுபவர் திருத்திச் சொன்னதைக் கவனிக்காமல் விடுவது, பத்தியில் இல்லாததைச் சொந்த அறிவிலிருந்து எடுத்து எழுதுவது என்று அவை கசியும் வழிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். பயிற்சி என்பது இந்த ஓட்டைகள் எவை என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடைப்பதுதான்.

லிசனிங்: ஒருமுறைதான் ஒலிக்கும்

ஐஇஎல்டிஎஸ் லிசனிங் சுமார் 30 நிமிடம். நான்கு பகுதி, பகுதிக்கு 10 கேள்வி. முதலாவது இருவர் பேசும் அன்றாட உரையாடல். இரண்டாவது ஒருவர் மட்டும் தரும் பொதுத் தகவல். மூன்றாவது படிப்பு தொடர்பான கலந்துரையாடல். நான்காவது இடைவெளியே இல்லாத வகுப்பு உரை. ஒலிப்பதிவு ஒருமுறைதான் ஒலிக்கும். கணினி வழித் தேர்வில் முடிவில் சரிபார்க்க 2 நிமிடம் கிடைக்கும்.

முதல் பகுதியில் ஒரு விடுதி அறை முன்பதிவு என்று வைத்துக்கொள்வோம். ‘டியூஸ்டே வருகிறேன்’ என்கிறார் ஒருவர். இரண்டு வாக்கியம் கழித்து, ‘இல்லை, அன்று வேலை இருக்கிறது, தர்ஸ்டே போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிறார். முதலில் கேட்டதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவியவருக்கு மதிப்பெண் போயிற்று. இது தற்செயல் அல்ல. தேர்வில் வேண்டுமென்றே வைக்கப்படும் தூண்டில். ‘ஆக்சுவலி’, ‘ஸாரி’, ‘பட்’ போன்ற சொற்கள் காதில் விழுந்தால் விடை மாறப்போகிறது என்று பேனா நிற்க வேண்டும்.

தமிழ் பேசுபவர்களின் காதுக்கு இன்னும் சில இடங்கள் இடறும். தமிழில் ப என்ற ஓர் எழுத்தே இரண்டு ஒலிகளைச் சுமக்கிறது. க, ட ஆகியவையும் அப்படியே. அதனால் ‘பேக்’ என்று கேட்டது கைப்பையா, பின்பக்கமா என்ற குழப்பம் வரும். கடைசி ஒலி அதிரும் சொல்லில் அதற்கு முந்தைய உயிரொலி சற்று நீளும் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறுபாடு பிடிபடும். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டுக்கும் அழுத்தம் விழும் இடம் வேறு: முன்னதில் பின்பாதியில், பின்னதில் முன்பாதியில். தொலைபேசி எண்ணில் சுழியத்தை ‘ஓ’ என்பார்கள். 55 என்பதை ‘டபுள் ஃபைவ்’ என்பார்கள். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது ஏ, ஈ, ஐ மூன்றும் கலங்கிவிடும். ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தைப் பிரிட்டனில் ‘செட்’ என்றும் அமெரிக்காவில் ‘ஸீ’ என்றும் சொல்கிறார்கள்.

வேகமாகப் பேசும்போது ஆங்கிலத்தில் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ‘நெக்ஸ்ட் டே’ என்பது ‘நெக்ஸ்டே’ ஆகும். ‘ஆஃப்’, ‘டு’, ‘ஃபார்’ போன்ற சிறு சொற்கள் தேய்ந்து மறையும். அச்சில் பார்த்தால் தெரியும் சொல் காதில் விழாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

விடை எழுதுவதிலும் விதிகள் உண்டு. ‘இரண்டு சொற்களுக்கு மிகாமல்’ என்றால் மூன்றாவது சொல் வந்ததும் விடை தவறு. பன்மைக்கு உரிய ‘எஸ்’ விட்டுப்போனாலும், எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் இல்லை. பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்து முறைகள் இரண்டும் ஏற்கப்படும். தவறான விடைக்குக் கழிவு இல்லாததால் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது.

ஓஇடி லிசனிங்கில் மூன்று பகுதி, 42 கேள்வி. ‘ஏ’ பகுதியில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்களைக் கேட்டபடியே குறிப்பில் 24 இடங்களை நிரப்ப வேண்டும். வலி எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டுக் குறிக்கும் வார்டு வேலையை ஒத்தது இது. நோயாளி மருத்துவச் சொல்லில் பேசமாட்டார் என்பதால் பேச்சுவழக்கு ஆங்கிலம் காதுக்குப் பழக வேண்டும்.

ரீடிங்: 60 நிமிடம், மூன்று பத்தி

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் ரீடிங்கில் மூன்று நீண்ட பத்திகள். மொத்தம் 2,150 முதல் 2,750 சொற்கள். நேரம் 60 நிமிடம். பத்திக்கு 20 நிமிடம் என்று பிரித்தால் முதல் பத்தியில் இரண்டு நிமிடமாவது மிச்சம் பிடிக்க வேண்டும். மூன்றாவதுதான் வழக்கமாகக் கடினம்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தபடி வாசிப்பவர்களுக்கு இந்த நேரம் போதாது. முதலில் தலைப்பும் ஒவ்வொரு பத்திப் பிரிவின் முதல் வாக்கியமும். எது எங்கே இருக்கிறது என்று மனதில் ஒரு வரைபடம் விழும். அடுத்து கேள்வி. அதிலுள்ள ஊர், ஆண்டு, பெயர் போன்ற மாற்ற முடியாத சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்தியில் அந்த இடத்துக்குப் போக வேண்டும். போன பிறகு அந்த இரண்டு மூன்று வாக்கியங்களை நிதானமாக வாசிக்க வேண்டும். விரைவும் நிதானமும் இப்படி மாறி மாறி வருவதே ரீடிங் திறன்.

கேள்வியில் உள்ள மற்ற சொற்கள் பத்தியில் பெரும்பாலும் அப்படியே வராது. கேள்வியில் ‘இலவசம்’ என்றால் பத்தியில் ‘கட்டணம் வசூலிப்பதில்லை’ என்று இருக்கும். அதே சொல் அப்படியே கண்ணில் பட்டால் மகிழ்வதற்குப் பதில் சந்தேகப்பட வேண்டும்.

ஊர் அறிந்தவர் விழும் பள்ளம்

பலரையும் தடுமாற வைப்பது ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ வகைக் கேள்வி. பத்தி ஆமோதித்தால் ட்ரூ, மறுத்தால் ஃபால்ஸ், ஆமோதிக்கவும் மறுக்கவும் அங்கே தகவல் இல்லையென்றால் நாட் கிவன். ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு பத்தி இருப்பதாகக் கொள்வோம். அதன் பொருள் இது: ‘மாணிக்கவாசகரோடு தொடர்புடைய இந்தக் கோயில் தெற்கு நோக்கியது. கருவறையில் லிங்கம் இல்லை; ஆவுடையார் மட்டுமே உண்டு. புழுங்கல் அரிசிச் சோற்றின் ஆவி நிவேதனமாகிறது. கல்லில் வடித்த கொடுங்கைகளைக் காண வெளியூர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்.’

இதற்கு மூன்று கூற்றுகள். ஒன்று, ‘கருவறையில் லிங்கம் காணப்படவில்லை.’ பத்தி அதையே சொல்கிறது, விடை ட்ரூ. இரண்டு, ‘கோயில் கிழக்கு நோக்கி அமைந்தது.’ பத்தி தெற்கு என்கிறது; விடை ஃபால்ஸ். மூன்று, ‘கருவறைக்கு முன் நந்தி உள்ளது.’ நந்தியும் கொடிமரமும் இல்லாத கோயில் இது என்பது உள்ளூரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனால் ஆவுடையார்கோவில்காரர் தயங்காமல் ஃபால்ஸ் போடுவார். சரியான விடை நாட் கிவன். பத்தியில் நந்தி என்ற பேச்சே இல்லை.

கேட்கப்படுவது உலகத்தில் எது உண்மை என்பதல்ல, இந்தப் பத்தி எதைச் சொல்கிறது என்பதுதான். செவிலியர்கள் ஓஇடி ரீடிங்கில் சறுக்குவதும் இதே இடத்தில்தான். பழக்கமான நோய், பழக்கமான மருந்து என்றதும் பத்தியை விட்டுவிட்டு அனுபவத்திலிருந்து விடை வந்துவிடும். ஓஇடியின் ‘ஏ’ பகுதியில் 15 நிமிடத்தில் நான்கு சிறு குறிப்புகளிலிருந்து 20 விடைகளைத் தேடி எடுக்க வேண்டும். மீதி 45 நிமிடத்தில் ‘பி’, ‘சி’ பகுதிகளின் 22 கேள்விகள்.

பயிற்சியின் வரிசை

முதலில் ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுத வேண்டும். மதிப்பெண்ணைவிடத் தவறுகளின் வகையே இதில் தேவைப்படுவது. ஒரு நோட்டில் கோடு போட்டு நான்காகப் பிரித்து, கேள்வி வகை, எழுதிய விடை, சரியான விடை, தவறிய காரணம் என்று குறித்துவந்தால், சில தேர்வுகளிலேயே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த வாரப் பயிற்சி அந்தக் காரணத்துக்கு உரியது.

லிசனிங்கில் ஒரே ஒலிப்பதிவை மூன்று விதமாகப் பயன்படுத்தலாம். முதல் முறை தேர்வு போலவே, நிறுத்தாமல். இரண்டாம் முறை, தவறிய இடத்தில் மட்டும் நிறுத்தி, கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதிப் பார்ப்பது. மூன்றாம் முறை, அச்சான உரையைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி கேட்பது. எழுதியதற்கும் அச்சில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு காது எங்கே ஏமாறுகிறது என்பதைக் காட்டிவிடும். பிறகு அந்த வாக்கியத்தை அதே வேகத்தில் வாய்விட்டுச் சொன்னால், அடுத்த முறை அந்த ஒலி தப்பாது.

ரீடிங்கில் முதலில் நேரக் கட்டுப்பாடின்றி ஒரு பத்தியை முழுமையாகப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வாக்கியத்தை அடிக்கோடிட வேண்டும். அடிக்கோடு போட இடம் கிடைக்காத விடை, சரியாக அமைந்துவிட்டாலும், ஊகம்தான். இது கைவந்த பிறகே கடிகாரம். தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு கட்டுரையை வாசித்து அதன் சாரத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுவது, தலைப்பைப் பொருத்தும் கேள்விகளுக்கு நேரடியாக உதவும்.

தினம் ஒரு முழுத் தேர்வு எழுதுவது வீண். வாரம் ஒன்று போதும். மற்ற நாட்கள் அந்தத் தேர்வின் தவறுகளை அலசுவதற்கு.

பயிற்சிப் பொருள் எங்கே?

ஐஇஎல்டிஎஸ், ஓஇடி இரண்டின் அதிகாரப்பூர்வத் தளங்களிலும் மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வு நூல் வரிசையில் விடைகளும் ஒலிப்பதிவின் உரையும் சேர்ந்தே வரும். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ நிகழ்ச்சியையும் உரையோடு கேட்கலாம். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் நேரத்தில் ஒலிப்பதிவுகளைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் பஸ் பயணமும் பயிற்சி நேரமாகும். ஆனால் வாரத் தேர்வை இயர்போனோடு அமைதியான அறையில், முடிந்தால் கணினியில் எழுத வேண்டும். திரையில் நீண்ட பத்தியை வாசிப்பது தனிப் பழக்கம்.

அரசு வழிகளும் உண்டு. 1978இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கான வெளிநாட்டு வேலை அறிவிப்புகளை வெளியிடுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஐஇஎல்டிஎஸ் உள்ளிட்ட தேர்வுகளுக்கான பயிற்சியைத் தாட்கோ நிறுவனம் அறிவித்துள்ளது.

பதிவு செய்யும் முன்

மூன்று மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து தேவையான மதிப்பெண்ணைவிட இரண்டு மூன்று விடைகள் கூடுதலாக வந்த பிறகு பணம் கட்டுவது பாதுகாப்பானது. ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கப்படும் என்பதால், விண்ணப்பிக்கும் காலத்தைக் கணக்கிட்டே தேதி எடுக்க வேண்டும். கணினி வழியில் எழுதியவர்கள் ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால் அதை மட்டும் 60 நாட்களுக்குள் திரும்ப எழுதும் வசதி இந்தியாவில் உண்டு. அந்த மதிப்பெண்ணை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. சேரவிருக்கும் பல்கலைக்கழகத்திடமோ பதிவு அமைப்பிடமோ முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் பணம் கொடுக்கக்கூடாது. மதிப்பெண்களை நிறுவனங்கள் இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்கின்றன. போலி தெரிந்தால் விசா விண்ணப்பமும் அதோடு நின்றுவிடும்.