பட்டறைக்கு ஒரு மச்சு

திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கல்லாற்றைக் கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே ஏறினால் பொன்முடியை அடையலாம். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரம். பகலில் வெயில் காயும் வேளையிலேயே மூடுபனி வந்து மலையை மறைத்துவிடும். இத்தகைய மலைப்புறங்களில் வீட்டிலிருந்து தள்ளித் தனியே நிற்கும் மோட்டார்க் கொட்டகையைப் பட்டறையாகப் பயன்படுத்துவோர் பலர். தச்சு வேலை, எந்திரப் பழுது பார்த்தல், கருவி தீட்டுதல் முதலியவை அங்கே நடைபெறும். கூரை பெரும்பாலும் வெறும் இரும்புத் தகடுதான். நண்பகலில் அதன்கீழ் நிற்க முடியாது. விடியற்காலையில் அது துளித்துளியாய்ச் சொட்டும். ஓட்டை ஒன்றும் இல்லாத கூரை சொட்டுவது ஏன்?

காரணம் எளியது. ஈரம் நிறைந்த காற்று ஓரளவுக்குமேல் குளிர்ந்தால், தன்னிடமுள்ள நீராவியை நீராக விட்டுவிடும். காற்றின் வெப்பநிலை 20 டிகிரியாகவும் ஈரப்பதம் நூற்றுக்கு 90 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்று ஏறத்தாழ 18 டிகிரியைத் தொட்டதுமே பனி படியத் தொடங்கும். இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்திற்கு வீசிச் சுற்றுப்புறக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகின்றது. இரண்டு டிகிரி குளிர்ந்தால் போதும், அதன் அடிப்புறத்தில் நீர் அரும்பும். அந்நீர் உளியின்மீதும் இழைப்புளியின்மீதும் விழுகின்றது. தொழிலாளியின் முதலீடு துருவாய்ப் போகின்றது.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். கேரள நாட்டுப் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்குக் கீழே மரப்பலகையாலான மச்சு ஒன்று உண்டு. கூரைக்கும் மச்சுக்கும் இடையிலுள்ள வெளியில் காற்று தேங்கிவிடாதபடி, கூரையின் முக்கோண முகப்பில் மர அழி வைத்திருப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் மரத்தால் மச்சு அமைக்கும் கலை எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதை அறிவார்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். ஓடுகளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது. அசையாத காற்றே மலிவான வெப்பத்தடை என்பது இதன் பாடம்.

பாறைக் கம்பளி, கண்ணாடிக் கம்பளி ஆகியவை செய்வதும் இதையே. அவற்றின் இழைகள் காற்றை அசையவிடாமல் சிறைப்படுத்துகின்றன. எஃகு வெப்பத்தைக் கடத்தும் திறன், பாறைக் கம்பளியின் திறனைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாகும். ஆகவே 5 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பளி பெரும் காவலாக அமையும்.

இனி அமைக்கும் முறையைக் காண்போம். மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே இவ்வேலைக்கு ஏற்றது. முதலில் கூரையின் ஒழுகல்களை அடைக்கவேண்டும். பின்னர், தகட்டுக்குக் கீழே அலுமினியத் தாளைக் கூரையின் சரிவை ஒட்டியே இழுத்துக் கட்டுக. பளபளப்பான முகம் கீழ்நோக்கி இருக்கட்டும். தகட்டில் அரும்பும் நீர் அதன்மேல் வழிந்து இறவாரத்தில் வெளியேறும். பகல் வெப்பமும் பெருமளவு கீழே இறங்காது. அதற்குக் கீழே காற்றோட்டமுள்ள வெளி, அதன்கீழ் கம்பளி, கம்பளியைத் தாங்கும் பலகை. இறவாரத்திலும் முகட்டிலும் காற்று வழி விட்டு, எலியும் பாம்பும் புகாதவாறு கம்பி வலை அடிக்கவேண்டும். பலகைகளின் இடுக்குகளையோ நன்றாக மூடிவிடவேண்டும். இல்லையேல் அறையின் ஈரக்காற்று மேலே சென்று மீண்டும் குளிரும்.

பாரத்தையும் கணக்கிடுதல் அவசியம். 6 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் உள்ள கொட்டகைக்கு 21.6 சதுர மீட்டர் மச்சு வேண்டும். கல்நார் கலவாத சிமெண்டு நார்ப்பலகை 6 மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. கம்பளி இரண்டரைக் கிலோ அளவு. சட்டங்களின் எடை நீங்கலாகவே 225 கிலோவை நெருங்குகின்றது. மூன்று நான்கு ஆட்கள் எப்போதும் கூரையில் தொங்குவதற்கு ஒப்பானது இது. பழைய மரங்கள் இதைத் தாங்குமா என்று தேர்ந்த தச்சரைக் கேட்டறிவது நன்று. மச்சின்மேல் பழைய சாமான்களை ஏற்றுவது கூடவே கூடாது.

விலை குறைவு என்று தெர்மோகோலை நாடுவோர் உளர். வெப்பத்தைத் தடுப்பதில் அது குறைந்ததன்று. ஆனால் பற்றவைப்பும் சாணைபிடிப்பும் நடக்கும் இடத்தில் ஒரு பொறி போதும், அது உருகி எரிந்து நச்சுப்புகையைக் கக்கும். உமியும் தென்னை நாரும் ஈரத்தை உறிஞ்சும், தீக்கும் இரையாகும். பாறைக் கம்பளி எரியாது. எனினும் அதைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். மின்கம்பிகளைக் கம்பளிக்குள் புதைத்தால் அவற்றின் சூடு வெளியேறாது. ஆதலால் குழாய்க்குள் இட்டு மச்சுக்கு வெளியே கொண்டு செல்க.

கூரை கல்நார்த் தகடாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதை அறுத்தாலும் துளைத்தாலும் எழும் நுண்ணிய தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கு வித்திடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரவல்லவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. அக்கூரையைத் தொடாமல், சுவர்களின்மீது தனிச் சட்டம் அமைத்து மச்சைத் தாங்கச் செய்வதே தக்கது.

இறுதியாக ஒன்று. மச்சு வந்தபின் கொட்டகை முன்போல் தானாக மூச்சுவிடாது. எதிரெதிரே இரு சன்னல்கள் திறந்திருக்கட்டும். மோட்டார் எந்திரத்தை உள்ளே ஓடவிட்டுச் சோதித்தல் ஆகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் கவரும். மலைக்காற்றின் ஈரத்தை எந்த மச்சும் முற்றிலும் போக்கிவிடாதாகையால், வேலை முடிந்ததும் கருவிகளுக்கு எண்ணெய் தடவும் பழக்கமும் தொடரட்டும். இவ்வளவும் செய்தால், பகலில் உழைப்பவரின் உடலும் இரவில் அவர் கருவிகளும் நலமாக இருக்கும்.