“வெறும் இரும்புதானே மாமா?” - தோட்டாவுக்குப் பொட்டு வைக்கும் கருவியும், நம்ம ஊர் சட்டமும்!

நெட்டுக்குப்பம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம். சாயங்காலம் படகு நிழலில் உட்கார்ந்து சித்தப்பா கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா மகன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். கையில் வழக்கம்போல் செல்போன்.

“மாமா, இத கொஞ்சம் பாரேன். டெக்சாஸ்ல நம்ம அண்ணன் வூட்லயும் இது இருக்கு. தோட்டாவ அவரே தயார் பண்ணிக்கிறாரு. பொங்கலுக்கு வர்றப்போ இந்தக் கருவி ஒண்ணு எடுத்துனு வரச் சொல்லட்டா?”

“உனக்கு எதுக்குடா?”

“சும்மா, ஷோகேஸ்ல வைக்கத்தான். துப்பாக்கியும் இல்ல, மருந்தும் இல்ல. வெறும் இரும்புதானே மாமா?”

கேள்வி சின்னதுதான். ஆனால், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, முனையில் பாயும் குண்டு, அடியில் பிரைமர். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரைமர் என்பது ஏறக்குறைய அதுதான். ஆனால், அதைவிடப் பல மடங்கு வீரியமானது. துப்பாக்கியின் ஊசி அதன்மீது அடித்ததும் பொறி பறக்கும். அந்தப் பொறி மருந்தைப் பற்றவைக்கும். குண்டு பாயும்.

சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, புதியதைப் பொருத்தி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்தால் அதே கூடு திரும்பவும் தோட்டாவாகிவிடும். இதைத்தான் ‘ரீலோடிங்’ என்கிறார்கள். புதிய பிரைமரை அதன் குழிக்குள் அழுத்தி உட்கார வைப்பதற்குத்தான் அந்தக் கருவி.

அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்கத்தான் உரிமம் வேண்டும். செலவு மிச்சம், தன் துப்பாக்கிக்கு ஏற்ற தோட்டா என்று பலர் இதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள்.

பாதிரியாரும் பறவைகளும்

இந்தப் பொட்டின் கதை ஒரு பாதிரியாரிடமிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டைப் பிரியர். அந்தக் காலத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி வரும். அந்தப் பொறியைப் பார்த்ததுமே பறவை பறந்துவிடும். எரிச்சலான பாதிரியார், அடித்தாலே வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807-ல் காப்புரிமை வாங்கினார்.

பிறகு, இரண்டு வகைப் பிரைமர்கள் வந்தன. ஒன்று எட்வர்டு பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரி உருவாக்கியது. இன்னொன்று ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் வகைதான் அமெரிக்காவில் பரவியது; அமெரிக்கரின் வகை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் வகையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை. பழைய பிரைமரை ஒரு கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம். அங்கே இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததற்கு இந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

எந்தக் கருவி நல்லது?

அண்ணனின் ஊரில் இது சட்டப்படி நடக்கிற வேலை. அங்கே கடைக்குப் போகிறவர் முன்னால் மூன்று வகைகள் இருக்கும்.

முதலாவது, கைக்கருவி. பாக்குவெட்டி மாதிரி கையில் பிடித்து அழுத்த வேண்டும். விலை குறைவு. எங்கே உட்கார்ந்தும் வேலை செய்யலாம். பிரைமர் குழிக்குள் இறங்குவது விரலுக்கே தெரியும். நூற்றுக்கணக்கில் செய்தால் கை வலிக்கும் என்பதுதான் குறை. மூட்டுவலிக்காரர்களுக்குச் சரிவராது.

இரண்டாவது, மேஜையில் திருகி வைக்கும் கருவி. நெம்புகோல் நீளமாக இருப்பதால் கைக்குச் சிரமம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரே ஆழத்தில் உட்காரும். விலை கூடுதல், இடமும் வேண்டும்.

மூன்றாவது, ரீலோடிங் பிரஸ்ஸிலேயே சேர்ந்து வருவது. தனியாக வாங்க வேண்டாம். ஆனால், பிரஸ்ஸின் விசை அதிகம் என்பதால் விரலுக்குத் தெரியும் அந்த நுட்பம் இதில் குறைவு.

அந்த நுட்பம் ஏன் முக்கியம்? பிரைமரில் பெரியது, சிறியது என இரண்டு அளவுகள் உண்டு. பெரியதன் விட்டம் சுமார் 5.3 மில்லிமீட்டர், சிறியது சுமார் 4.4 மில்லிமீட்டர். அது கூட்டின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே உட்கார வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் ஊசியின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகி, தோட்டா வெடிக்காமல் போகலாம். சில துப்பாக்கிகளில் அதைவிட மோசமாக, விசையை இழுக்கும் முன்பே வெடித்துவிடலாம். குழிக்குள் பிரைமர் ‘லொடலொட’ என்று இறங்கினால், அந்தக் கூடு தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடு என்று அர்த்தம்.

இதைச் சொன்னபோது வலையிலிருந்து தலை தூக்காமலேயே சித்தப்பா சொன்னார்: “எல்லாத் தொழிலும் அப்டித்தான். முடிச்சு சரியா வுழுந்துச்சான்னு கண்ணுக்கு முன்ன கைக்குத் தெரியணும்.”

வாங்குகிறவர்கள் கவனிக்கும் இன்னொரு விஷயம், பிரைமர்களை அடுக்கும் தட்டு. ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் தட்டுக்கும் வெடிக்கும் இடத்துக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி போடாமல் யாரும் இந்த வேலையில் உட்காரக் கூடாது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் கலந்த ரசாயனம் இருப்பதால், வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடவும் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது இன்னும் முக்கியம்.

சரி, இங்கே கொண்டு வரலாமா?

இனிதான் மருமகனின் கேள்விக்குப் பதில்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதில் ‘அம்யூனிஷன்’ என்றால் என்ன என்று வரையறுத்திருக்கிறார்கள். தோட்டா மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட அந்த வரையறைக்குள் வருகின்றன.

கையடக்கக் கருவியை ‘இயந்திரம்’ என்று சொல்லலாமா என்று வாதம் செய்யலாம்தான். ஆனால், அந்த வாதத்தை மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடமா செய்வது? வெளிநாட்டிலிருந்து ஆயுதமோ வெடிபொருளோ கொண்டுவர அதே சட்டத்தின் 10-வது பிரிவின்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் தயாரிப்பது 5-வது பிரிவுக்கு எதிரானது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, உரிமம் இல்லாமல் தயாரிக்கும் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் ஏழு ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று கடுமையாக்கிவிட்டார்கள். ஒரு ஷோகேஸ் பொருளுக்கு இந்த விலை ரொம்ப அதிகம்!

கருவியோடு நான்கு பிரைமரையும் அண்ணன் ‘சாம்பிளுக்கு’ப் போட்டு அனுப்பினால் கதையே வேறு. அது வெடிபொருள். அமெரிக்க விமான நிலையங்களிலேயே கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, பிரைமரை அனுமதிப்பதில்லை.

“அப்போ துப்பாக்கி சுடுற வீரருங்கல்லாம் என்னா பண்றாங்க?” என்றான் மருமகன்.

நல்ல கேள்வி. இளவேனில் வாலறிவன் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் மருந்தும் கிடையாது, பிரைமரும் கிடையாது. காற்றழுத்தத்தில் பாயும் ஈயக்குண்டுதான். 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்கான பாயின்ட் 22 தோட்டாவில் வெடிக்கும் ரசாயனம் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். தனிப் பிரைமர் இல்லாததால் இந்தக் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற ட்ராப் போட்டிக்கு 12 போர் தோட்டா. ஆக, சுடுதலில் நிஜமாகவே ஆர்வம் இருந்தால், பதிவு பெற்ற ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் ரைஃபிளில் தொடங்குவதுதான் நேர்வழி. அதற்கு அமெரிக்கப் பார்சல் எதுவும் வேண்டாம்.

நமக்குத் தெரியாததா?

வெடிக்கிற, விஷமாகிற பொருள்களோடு வாழ்வது வடசென்னைக்குப் புதிதல்ல. 2020 ஆகஸ்ட் 4-ல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், சுங்கத்துறை 2015-ல் பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் 37 கன்டெய்னர்களில் இருப்பது ஊருக்கே தெரிந்தது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

எங்கேயோ யாரோ ‘ஒன்றும் ஆகாது’ என்று நினைத்ததன் பலனை அனுபவித்தவர்கள் நாம். அதே வார்த்தையை நம் வீட்டு ஷோகேஸுக்கும் சொல்ல வேண்டுமா?

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அண்ணனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

“அண்ணே, அந்தக் கருவி வேணாம். ஆனா வீடியோவுல உன் மேஜை மேல டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒண்ணு இருந்துச்சே, அத எடுத்துனு வா. லேப்ல இருக்குறது ஒண்ணு கூட ஒழுங்கா வேலை செய்யல.”

சித்தப்பா வலையை உதறி மடித்து வைத்தார். “இது உருப்படியான இரும்பு” என்றார்.